வெற்றுத் தாளும் ஓவியம்தான்: 1950, 60களின் நவீனத் தாவர ஓவியத்தை வீட்டில் மாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி வரைந்த எலுமிச்சைக் கிளை ஒன்று உண்டு. நீளப் பக்கம் ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும் வெள்ளைத் தாள். அதில் இலையின் ஓரமும் காம்பும் வெறும் கோடாக ஓடுகின்றன. நிழல் கிடையாது, இலை நரம்பு கிடையாது, தொட்டியோ மண்ணோ கிடையாது. தாளில் பெரும்பகுதி எதுவும் வரையாமல்தான் கிடக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், இரண்டு இலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளையும் ஒரு வடிவமாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த வகை ஓவியத்தை வீட்டில் வைப்பதில் நான் முதலில் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். மவுண்ட் (ஓவியத்தைத் தாங்கவும் சுற்றி இடம் விடவும் வைக்கும் அட்டை), ஃப்ரேம், சுவர், விளக்கு, பக்கத்தில் வைக்கும் பொருள் என எதை முடிவு செய்தாலும் அந்த வெறுமைக்கு இடைஞ்சல் வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் அளவுகளும் பொருட்களும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதலில், எந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம்

தாவர ஓவியம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தாவரவியல் நூல்களின் படங்கள். பூ, காய், விதை, வேர் எல்லாம் தனித்தனியாக, ஒரு மயிரிழை கூட விடாமல் வரையப்பட்டிருக்கும். செடியை அடையாளம் காண்பதற்கான படம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நவீன ஓவியர்கள் இதே செடிகளை எடுத்துக்கொண்டு தகவலை எல்லாம் உதறிவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் மூத்தவர் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு நெடுநேரம் நின்று வரைவது அவருக்குக் கடினமாகிவிட்டது. உதவியாளர்கள் தாள்களில் குவாஷ் வண்ணத்தைப் பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள். அவர் கத்தரிக்கோலால் நேரடியாக இலைகளையும் பாசிகளையும் வெட்டுவார். குவாஷ் என்பது நம் போஸ்டர் கலர் போல, காய்ந்ததும் பளபளப்பில்லாமல் கெட்டியாக நிற்கும் வண்ணம். வெட்டிய துண்டுகளை நீஸ் நகரில் ஹோட்டல் ரெஜினாவில் தன் அறைச் சுவரில் குண்டூசியால் குத்தச் சொல்லி, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். 1952இல் செய்த 'கிளியும் கடற்கன்னியும்' இப்படி வளர்ந்ததுதான். சுமார் 3.4 மீட்டர் உயரம், 7.7 மீட்டர் அகலம். இப்போது ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடமாட முடியாத முதியவர் தன்னைச் சுற்றி ஒரு தோட்டத்தைச் சுவரிலேயே வளர்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்துக்கு மண், சுவரின் வெள்ளை.

அமெரிக்கரான கெல்லி (1923–2015) போர்க்காலத்தில் எதிரியின் கண்ணை ஏமாற்றும் ராணுவப் பிரிவில் வேலை பார்த்தவர். 1948 முதல் 1954 வரை பாரிஸில் இருந்தார். பளிச்சென்ற ஒற்றை நிறப் பரப்புகளால் ஆன அருவ ஓவியங்களுக்குப் பேர் போனவர். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செடி வரைவதை அவர் விடவில்லை. 1948இல் பாஸ்டனில் வரைந்த ஐலாந்தஸ் இலையிலிருந்து அது தொடங்குகிறது. நம் ஊரில் தீப்பெட்டித் தொழிலுக்கு வெட்டும் பெருமரமும் இதே ஐலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். 1964–66இல் பாரிஸின் மேக் என்ற கலைப் பதிப்பகத்துக்காக 28 தாவர லித்தோகிராஃப்களை (கல்லச்சு முறைப் படங்களை) செய்தார், ஒவ்வொன்றும் 75 பிரதிகள். எலுமிச்சைக் கிளை அந்தத் தொகுப்பில் ஒன்று. 2012இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருடைய தாவர வரைபடங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

மூன்றாவதாக பிரேசிலின் ராபெர்ட்டோ பர்லி மார்க்ஸ். தோட்டக்கலை வடிவமைப்பாளர், ஓவியரும் கூட. இவர் குவாஷில் தீட்டிய தோட்ட வரைபடங்களே நவீன ஓவியம் போல இருக்கும். 1949இல் ரியோ டி ஜெனீரோவுக்கு அருகே இவர் வாங்கிய பண்ணையில் 3,500க்கும் மேற்பட்ட வகைச் செடிகள் இருக்கின்றன. 2021இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

இந்த மூவரின் அசலும் வீட்டுக்கு வருவது அரிது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் அச்சுப் பிரதி, பழைய கண்காட்சி போஸ்டர், அல்லது அதே காலத்தில் அதே பாணியில் பெயர் தெரியாத ஒருவர் தீட்டிய இலைப் படம். அவ்வளவு இருந்தாலே போதும். மாட்டும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

ஃப்ரேம் கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். இலையின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான ரோஜாப்பூ அடுக்கில் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது போஸ்டர் அல்லது புத்தகத்திலிருந்து எடுத்த பக்கம். கல்யாணப் பத்திரிகையில் பார்ப்போமே, அப்படி மை ஒரு சீரான படலமாகத் தாளின் மேல் உட்கார்ந்திருந்தால் ஸ்கிரீன் பிரிண்ட். கோடு தாளோடு தட்டையாக, ஓரத்தில் கிரேயான் போலச் சொரசொரப்பாகத் தெரிந்தால் லித்தோகிராஃப் ஆக இருக்கலாம். குவாஷ் என்றால் தூரிகைத் தடமும், ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று ஏறிய மேடும் சாய்வான வெளிச்சத்தில் தெரியும்.

கையெழுத்தையும் அப்படியே பாருங்கள். எண்ணிட்ட பிரதிகளில் படத்துக்குக் கீழே பென்சிலில் 12/75 (75 பிரதிகளில் 12ஆவது) போல ஓர் எண்ணும், கையெழுத்தும் இருப்பது வழக்கம். பென்சில் கோடு சாய்வான வெளிச்சத்தில் மெல்ல மின்னும், தாளில் இலேசாக அழுந்தியிருக்கும். கையெழுத்தும் புள்ளிகளால் ஆனதாக இருந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சிடப்பட்டது. விற்பவர் 'அசல் கையெழுத்து' என்று சொல்லி அதற்குத் தனி விலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து தாளின் உடல்நிலை. பழுப்புப் புள்ளிகள் பூஞ்சையாலோ தாளில் கலந்த இரும்புத் துகளாலோ வந்திருக்கலாம். படத்தைச் சுற்றிச் சட்டம் போலப் பழுப்புக் கோடு ஓடினால், பழைய மவுண்ட் அட்டையின் அமிலம் தாளைச் சுட்டிருக்கிறது. விளிம்பில் மேல் தோலை யாரோ சுரண்டியது போலிருந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை. இதில் எதையும் வீட்டில் ரப்பரோ ஈரத்துணியோ வைத்துத் துடைக்க முயல வேண்டாம். குவாஷ் நீரில் கரையும். ஒரு துளி ஈரம் பட்டாலும் வட்டமாகக் கறை விழும்.

எண்ணெய் வண்ணம் என்றால் கான்வாஸா, ஹார்ட்போர்டா என்று பின்பக்கம் பாருங்கள். அந்தக் காலத்தில் ஹார்ட்போர்டில் தீட்டுவது சாதாரணம். அதன் மூலைகள் ஈரத்தில் ஊதும், இடித்தால் நொறுங்கும். ஓவியத்தைத் தூக்கும்போதே மூலையில் கை வைக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

மவுண்ட்டும் ஃப்ரேமும்

பணமும் கவனமும் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். நம் ஊர் ஃப்ரேம் கடைகளில் கைத்திறன் நிறைய இருக்கிறது. சாமி படத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் நேர்த்தியாகச் சட்டம் போடுவார்கள். ஆனால் தாளில் செய்த ஓவியத்துக்கு அதே பழக்கம் ஒத்துவராது. அதனால் என்ன வேண்டும் என்பதை நாமே தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் விஷயம், ஒட்டக் கூடாது. சமமாக நிற்க வேண்டும் என்று ஹார்ட்போர்டிலோ ப்ளைவுட்டிலோ வெள்ளைப் பசை தடவி முழுத்தாளையும் ஒட்டிவிடுவது பல கடைகளில் வழக்கம். புது போஸ்டருக்கு அப்படிச் செய்துகொள்ளலாம். மதிப்புள்ள எதற்கும் கூடாது. ஒட்டிய தாளை மறுபடி பிரிப்பது பெரும்பாடு. சரியான முறை, மேல் விளிம்பில் இரண்டு சிறிய ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, அதில் ஓவியத்தைத் தொங்கவிடுவது. தாள் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். தொங்கவிட்டால் அதற்கு அசைய இடம் கிடைக்கும். நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கினால் அலை அலையாக எழும்பும். செலோ டேப் பக்கமே போக வேண்டாம், சில வருடங்களில் அதன் கோந்து தாளுக்குள் இறங்கி மஞ்சளாகிவிடும்.

இரண்டாவது, மவுண்ட் போர்டு. 'ஆசிட் ஃப்ரீ' என்று கேளுங்கள். பருத்தி இழையில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது. அட்டையைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே நியூஸ்பிரிண்ட் நிறத்தில் சாம்பல் பூத்திருந்தால் அது சாதாரண மரக்கூழ் அட்டை.

அட்டையின் நிறம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். வெள்ளை என்றதும் கடைக்காரர் பளீரென்ற நீலம் கலந்த வெள்ளையை எடுத்துப் போடுவார். 60 வருடத் தாள் இயல்பாகவே கொஞ்சம் பாலாடை நிறத்துக்கு வந்திருக்கும். அதன் பக்கத்தில் பளீர் வெள்ளையை வைத்தால் ஓவியம் அழுக்கடைந்தது போலத் தோன்றும். மாதிரித் துண்டுகளை ஓவியத்தின் மேல் வைத்து, கடையின் ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தாளைவிட ஒரு பொட்டு மங்கலான வெள்ளைதான் நமக்கு வேண்டியது. இலையின் பச்சையோடு பொருந்தட்டும் என்று பச்சை மவுண்ட் போடுவது இந்த ஓவியங்களுக்குச் செய்யும் பெரிய துரோகம் என்றே சொல்வேன். ஓவியர் யோசித்து விட்ட வெள்ளையைச் சுற்றி நாம் ஒரு வேலி போட்டுவிடுகிறோம்.

மவுண்ட்டை எப்படி வெட்டுவது என்பதும் ஓவியத்தைப் பொறுத்தது. தாளின் விளிம்பு வரை ஓவியம் யோசிக்கப்பட்டிருந்தால், ஜன்னல் போல வெட்டிய மவுண்ட் அந்த விளிம்பை மறைத்துவிடும். கெல்லியின் லித்தோகிராஃப்கள் அப்படிப்பட்டவை. கோடு தாளின் எந்த மூலையை நோக்கிப் போகிறது, எங்கே நிற்கிறது என்பது அதில் முக்கியம். அதற்கு 'ஃப்ளோட் மவுண்ட்' கேளுங்கள். தாள் முழுவதும் விளிம்போடு தெரியும்படி பின்னட்டையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். சின்ன ஓவியம் என்றால் ஜன்னல் மவுண்ட் நன்றாக இருக்கும். சுற்றிலும் 7 முதல் 10 செ.மீ. விட்டு, கீழ்ப்பக்கம் மட்டும் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள். நாலு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் படம் கீழே சரிந்தது போல ஒரு பிரமை வரும்.

மூன்றாவது, கண்ணாடி. ஓவியம் கண்ணாடியைத் தொடவே கூடாது. நம் ஈரப்பதத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தால் தாளும் வண்ணமும் அதில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் மவுண்ட் என்றால் அட்டையின் தடிமனே இடைவெளி தந்துவிடும். ஃப்ளோட் மவுண்ட் என்றால் ஓரத்தில் 6 முதல் 10 மி.மீ. ஸ்பேசர் பட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்று கேட்டால் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 75 × 105 செ.மீ. ஃப்ரேமுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 6 கிலோ வரும். அதே அளவு அக்ரிலிக் 3 கிலோவுக்குள் முடிந்துவிடும், கீழே விழுந்தாலும் உடைந்து ஓவியத்தைக் கிழிக்காது. ஆனால் அக்ரிலிக் சுலபமாகக் கீறும், துடைத்தால் நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும். உதிரக்கூடிய பேஸ்டல், கரித்துண்டு ஓவியங்களுக்கு அதனால் அக்ரிலிக் ஆகாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை இரண்டிலும் உண்டு. விலை கூடுதல்தான், ஆனாலும் குவாஷ், நீர்வண்ணம், பழைய போஸ்டர் மூன்றுக்கும் அதை வாங்கத் தயங்க வேண்டாம். எண்ணெய் ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி தேவையில்லை.

சட்டம் ஒல்லியாக இருக்கட்டும். முன்பக்கம் 1.5 முதல் 2 செ.மீ. அகலம் போதும். வெளிர் தேக்கு, ஆஷ் மரம், அல்லது மேட் கறுப்பு. சுருள் வேலைப்பாடும் தங்க முலாமும் தஞ்சாவூர் ஓவியத்தில் கம்பீரமாக இருக்கும், அங்கே படமே பொன்னாலும் கல்லாலும் நிறைந்தது. இங்கே அது கண்ணை இலையிலிருந்து இழுத்துச் சட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். கான்வாஸ், ஹார்ட்போர்டு ஓவியங்களுக்குப் பெட்டி போன்ற ஃப்ளோட்டர் ஃப்ரேம் பொருத்தம். ஓவியத்தின் விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விட்டால் போதும்.

பின்பக்கத்துக்கு ப்ளைவுட்டோ ஹார்ட்போர்டோ வைத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அதற்கும் ஓவியத்துக்கும் நடுவே அமிலமில்லாத அட்டை ஒன்றும் பாலியெஸ்டர் ஷீட் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். கரையான் தொல்லை உள்ள வீட்டில் ப்ளைவுட் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் அட்டை வைக்கலாம். கடைசியில் சட்டத்தின் பின் விளிம்பைச் சுற்றிலும் காகித டேப்பால் அடைத்தால் பூச்சி நுழைய வழியிருக்காது. இந்த வேலையை நவம்பர் மழையில் கொடுக்காதீர்கள். அன்றைய ஈரக்காற்றும் உள்ளே சேர்ந்து அடைபடும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்ல நேரம்.

எந்தச் சுவர்

வேண்டாத சுவர்களைக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருப்பது நம் சுவர். குளியலறையோடு ஒட்டிய சுவர் வேண்டாம். மழைச்சாரல் நேரே அடிக்கும் வெளிச்சுவரும் அப்படியே. ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் உப்பி நிற்கும். கையை வைத்தால் மற்ற சுவர்களைவிடச் சில்லென்று இருக்கும். அங்கே எதையும் மாட்டக் கூடாது. அடுப்படிக்கு எதிர்ச்சுவரில் தாளிப்புப் புகை எண்ணெயாகப் படியும். பூஜை அறை வாசலுக்குப் பக்கத்தில் விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் வரும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது, நாள் முழுக்கக் குளிர்ந்தும் சூடாகியும் தாள் களைத்துப்போகும்.

மிச்சமிருக்கும் சுவரில் நிறத்தைப் பாருங்கள். இப்போது பல வீடுகளில் ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறமோ டெக்ஸ்சர் பெயின்டோ அடிக்கிறார்கள். ஓவியத்தை அங்கே மாட்டத்தான் ஆசை வரும். ஆனால் அந்தச் சுவர் ஏற்கெனவே சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். மங்கலான வெள்ளை, மணல் நிறம், வெளிர் சாம்பல் எல்லாம் நன்றாக இருக்கும்.

வாசல் பக்கத் திண்ணையிலோ பால்கனியிலோ இலை ஓவியம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மத்தீஸே ஒரு வழி காட்டியிருக்கிறார். 1953இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பிராடி தம்பதியர் தங்கள் வீட்டு முற்றத்துச் சுவருக்காக ஒன்று கேட்டபோது, பல நிற இலைகள் கதிர்க்கட்டு போல விரியும் படத்தைக் காகிதத்தில் வெட்டி, அதைப் பீங்கானில் செய்வித்துக் கொடுத்தார். வெயிலும் காற்றும் படும் இடத்தில் அது அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியே பீங்கான், உள்ளே தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

தாளில் செய்த படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு சுமார் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு. லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி கைபேசியில் கிடைக்கும், துல்லியமாக இருக்காவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஜன்னலோரத்தில் பகலில் அது ஆயிரத்தைத் தாண்டுவதைப் பார்த்தால் விஷயம் புரியும்.

வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது, ராத்திரியில் இருட்டில் வைத்தால் குறைவதில்லை. 100 லக்ஸில் 5 மணி நேரம் இருப்பதும் 50 லக்ஸில் 10 மணி நேரம் இருப்பதும் ஏறக்குறைய ஒரே சேதம்தான். இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் போகும். மத்தீஸின் உதவியாளர்கள் பூசிய குவாஷ் வண்ணங்களிலும் சில அப்படி மங்கக்கூடியவைதான்.

வீட்டில் 50 லக்ஸ் வைத்துக்கொண்டு வாழ முடியாது. அதனால் நடைமுறையில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மேற்குப் பார்த்த ஜன்னலின் எதிர்ச்சுவரைத் தவிருங்கள். நேர் வெயில் ஒரு மணி நேரம்கூடத் தாளின் மேல் விழக் கூடாது. வெயில் எங்கே எப்போது விழுகிறது என்பதை மார்கழியிலும் சித்திரையிலும் தனித்தனியாகப் பாருங்கள், சூரியன் நகர்வதால் பட்டையும் நகரும். வீட்டில் ஆள் இல்லாத பகலில் திரையை இழுத்துவிடுங்கள். வருடத்தில் சில மாதம் ஓவியத்தை இறக்கி வைத்து வேறொன்றை மாட்டுவது எனக்கு மிகப் பிடித்த வழி. ஓவியத்துக்கும் ஓய்வு, திரும்ப மாட்டும்போது நம் கண்ணுக்கும் புதுசு.

ஓவியத்துக்கெனத் தனி விளக்கு வைத்தால் எல்இடி போடுங்கள். 2,700 முதல் 3,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயல்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். சிஆர்ஐ குறைந்த விளக்கில் இலைப் பச்சை சாம்பலடித்துப் போகும். மேற்கூரையிலிருந்து விழும் கதிர் சுவரோடு சுமார் 30 பாகை சாய்வில் இருந்தால் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் தெரியாது. சட்டத்தோடு இணைத்து ஓவியத்தின் தலைக்கு மேலேயே எரியும் சின்ன விளக்கைத் தவிருங்கள். மேல் பகுதி பளீரென்றும் கீழ்ப்பகுதி இருட்டாகவும் போனால், சீராக இருக்க வேண்டிய வெள்ளை இரண்டாகப் பிளந்துவிடும்.

அளந்து மாட்டுவது

நம் வீடுகளில் படங்கள் பொதுவாக மிக உயரத்தில் தொங்குகின்றன. சாமி படத்தையும் பெரியவர்கள் படத்தையும் வாசல் நிலைக்கு மேலே மாட்டி வணங்கும் பழக்கத்திலிருந்து வந்தது அது. இந்த ஓவியத்துக்குக் கண்ணுக்கு நேரே இடம் வேண்டும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. வரை இருக்கட்டும். உட்கார்ந்தே பார்க்கும் அறை என்றால் 130 வரை இறக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஃப்ரேம் உயரம் 105 செ.மீ. நடுப்புள்ளி 148இல் வர வேண்டும். 148உடன் பாதி உயரமான 52.5ஐக் கூட்டினால் மேல் விளிம்பு 200.5. பின்பக்கம் கொக்கி வளையம் மேல் விளிம்பிலிருந்து 20 செ.மீ. கீழே இருந்தால், சுவரில் ஓட்டை போட வேண்டிய உயரம் 180.5 செ.மீ. கம்பி கட்டித் தொங்கவிட்டால், கம்பியை விரலால் மேலே இழுத்து, அந்த உச்சி ஃப்ரேமின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். பெரிய ஃப்ரேமுக்குக் கம்பியே வேண்டாம் என்பேன். இரண்டு பக்கமும் தனித்தனி வளையம், தனித்தனி ஸ்க்ரூ. ஃபேன் காற்றிலும் கதவை அறையும் அதிர்விலும் ஓவியம் சாயாது.

சோபாவுக்கு மேலே மாட்டுவது என்றால் சாய்வு விளிம்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே 15 முதல் 25 செ.மீ. விடுங்கள். அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பொருத்தமாக இருக்கும். உயரமான ஓவியம் அங்கே சரிவராது. 85 செ.மீ. உயரச் சோபாவுக்கு மேல் 20 செ.மீ. விட்டு மேலே சொன்ன 105 செ.மீ. ஃப்ரேமை வைத்தால் நடுப்புள்ளி 157.5க்குப் போய்விடும், உட்கார்ந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் ஒற்றைச் சுவரே மேல்.

ஓட்டை போடுவதற்கு முன்பு பழைய செய்தித்தாளை ஒட்டி ஃப்ரேம் அளவுக்கு வெட்டி, சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வாசலில் நுழையும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, சாப்பாட்டு மேசையிலிருந்து, எங்கிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்று தோன்றியதும் அந்தத் தாளின் மேலேயே ஓட்டைக்குக் குறி வையுங்கள். இரண்டு குறியும் மட்டமாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரையையோ கூரையையோ நம்பி அளக்க வேண்டாம், பழைய வீடுகளில் இரண்டுமே சரிந்திருக்கும்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் சுவருக்குள் ஒயர் ஓடும். அந்தக் கோட்டில் டிரில் வைக்காதீர்கள். செங்கல் சுவருக்கு 6 மி.மீ. பிட், அதே அளவு ப்ளக், 40 மி.மீ. ஸ்க்ரூ. வெறும் ஆணி அடித்தால் அது பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும், சில மாதத்தில் பூச்சு பொரிந்து ஆணியோடு வந்துவிடும். புதிய அடுக்குமாடிகளின் இலகு கான்கிரீட் பிளாக் சுவருக்குத் தனி ஆங்கர் இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் சுவரின் வகையைச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டைக்குக் கீழே ஒரு தாளை மடித்துப் பை போல ஒட்டிவிட்டால் தூள் சுவரில் வழியாது.

ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் ரப்பர் அல்லது கார்க் வில்லைகளை ஒட்டுங்கள். சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் காற்றோட்டம் கிடைக்கும். கடலோர ஊர்களில் இந்த வில்லை ஒன்றே பாதிப் பூஞ்சையைத் தடுத்துவிடும்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்

கொஞ்சமாக. ஃப்ரேமுக்கு இரு பக்கமும் அதன் அகலத்தில் பாதியாவது வெறும் சுவராக இருக்கட்டும். கெல்லியின் லித்தோகிராஃப்கள் போல ஒரே வரிசையைச் சேர்ந்த மூன்று படங்கள் இருந்தால் ஒரே அளவு ஃப்ரேமில், 5 முதல் 8 செ.மீ. இடைவெளியில், வரிசையாக மாட்டலாம். கடிகாரம், காலண்டர், குடும்பப் படம் எல்லாம் கலந்த சுவரில் இதைச் சேர்த்தால் தொலைந்துபோகும்.

நிஜச் செடி வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம், அழகாகவும் இருக்கும். மத்தீஸின் ஸ்டுடியோவிலேயே பெரிய இலைச் செடிகள் வளர்ந்தன. ஆனால் ஒரு செடி போதும், ஓவியத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. தண்ணீர் ஊற்றும் தொட்டி நேர் கீழே இருந்தால் ஈரம் மேலே ஏறும். ஓவியத்தில் இருக்கும் அதே செடியை வைக்காமல் வேறு வடிவ இலை உள்ளதை வைத்துப் பாருங்கள். அகன்ற இலை ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒல்லியான இலைச் செடி, இரண்டுமே தனித்துத் தெரியும்.

மாட்டிய பிறகு

வாரம் ஒருமுறை மேல் விளிம்பின் தூசியை மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டினால் போதும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியின் மேல் அடித்தால் வழிந்து சட்டத்துக்குள் இறங்கி மவுண்ட்டை நனைக்கும். அக்ரிலிக்குக்கு அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் ஆகாது, மேற்பரப்பு மங்கிவிடும். கண்ணாடியில்லாத எண்ணெய் ஓவியத்தைத் துணியால் தொடவே வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை ஓவியத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். டேப் உரிந்திருக்கிறதா, சுவரில் ஈரத் தடம் இருக்கிறதா, கண்ணாடிக்குள் வெள்ளைப் பொடி போல ஏதாவது தெரிகிறதா? அறையின் ஈரப்பதம் நாள் கணக்கில் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை கிளம்பும். ஈரப்பதமானி ஒன்று சில நூறு ரூபாய்தான், அதே அறையில் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓவியத்தை மற்ற படங்களிலிருந்து பிரித்து, காய்ந்த அறையில் படுக்க வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. ஊதவும் கூடாது, பூஞ்சை வித்துகள் அறை முழுக்கப் பரவும். மதிப்புள்ளதென்றால் அதற்குமேல் காகிதப் பாதுகாப்பு தெரிந்த நிபுணரிடம் கொடுப்பதே சரி.

கடைசியாக, ஃப்ரேமின் பின்பக்கம் ஒரு உறை ஒட்டுங்கள். ஓவியர் பெயர், வருடம், எந்த ஊடகம், எங்கே வாங்கியது, எந்த மாதம் ஃப்ரேம் போட்டது, என்ன அட்டை, என்ன கண்ணாடி என்று ஒரு தாளில் பென்சிலில் எழுதி, பில் நகலோடு அதில் வையுங்கள். ஓவியத்தின் பின்பக்கத்தில் நேராக எதுவும் எழுத வேண்டாம். ஃப்ரேம் போடும் முன் லென்ஸில் பார்த்தபோது எடுத்த படங்களையும், முழு ஓவியத்தை இரு பக்கமும் எடுத்த படத்தையும் கைபேசியில் தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து நிறம் மங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும்.